புகார்தாரர் பூந்தி

இசக்கிராஜும் வில்பிரட்டும் கணவனும் கணவனுமாகக் குடியேறிய வீட்டில் வாரம் ஒரு கல் விழுந்தது. ஒன்பது முறை புகார் கொடுத்தார்கள். காவல் நிலையத்து இயந்திரம் ஒன்பது முறையும் ஒரே ரசீதைத்தான் துப்பியது: "பேசித் தீர்த்துக்கொள்ளவும்."

பத்தாவது கல் அவர்கள் நாய் பூந்தியின் வாலை உரசிப் போனது. கடுப்பில் இசக்கி, புகார்தாரர் என்ற இடத்தில் பூந்தியின் பெயரைப் போட்டான். நாலே நிமிடத்தில் ஜீப் வந்தது. கல்லெறிந்த எதிர்வீட்டுக்காரர் கைதானார். பூந்திக்குக் காவலாக வாசலில் இரண்டு ட்ரோன்கள் நின்றன.

"நீங்க யாரு?" என்றார் ஏட்டு.

"பூந்தி வீட்டு ஆளுங்க, சார்."

"அப்பப் பயப்படாம இருங்க."

மறுநாள், அடுத்த தெருவில் தன் காதலனோடு குடியிருக்கும் செல்வின் போன் செய்தான்.

"ஏல, எங்க சன்னலும் போச்சு. பூந்திய ரெண்டு நாளைக்கு அனுப்புதியா?"

இசக்கி சிரித்தான். "வரிசைல நில்லுல. உனக்கு முன்னால ஆறு வீடு இருக்கு."