ஒத்திகைக்கு வந்தவர்கள்

“குடிசையில ஒருத்தர் பாக்கி இருக்கக்கூடாது தசரதா. அத்தினி பேரும் தீயணைப்பு ஒத்திகை பாக்கணும்” என்றார் குடிசைகள் இருந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான பொன்னுரங்கம்.

“நான் இட்டுகினு வரேண்ணா.”

தீயணைப்புத் தொண்டர் படைக்குத் தசரதனைத் துணை ஒருங்கிணைப்பாளராகப் போடச் சொன்னவரே அவர்தான்.

புது பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு, இரும்புலியூர்க் குடிசைகளில் வாசல் வாசலாகப் போய் அழைத்தான். தலைவலி என்று படுத்திருந்த பக்கத்து வீட்டுக் கிளியம்மாளையும் விடவில்லை.

வறண்டு கிடந்த பீர்க்கன்கரணை ஏரிக்குள் தீயணைப்பு வண்டி தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். தொட்டி காலியான நேரத்தில் இரும்புலியூர்ப் பக்கம் புகை எழுந்தது.

எங்கெங்கோ அலைந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வண்டி வந்தபோது, தசரதனின் வீடு உட்பட ஒரு குடிசையும் மிஞ்சவில்லை.

பொன்னுரங்கம் அவன் தோளில் கை வைத்தார். “ஒரு உசுரு போவல. எல்லாம் உன்னாலதான்.”

தசரதன் கண்கலங்கி அவரைக் கும்பிட்டான்.

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் பொன்னுரங்கத்தை எட்டிப் பார்த்தான்.

“வேலிக்கல்லு, முள்ளுக்கம்பி எல்லாம் காலைலயே ஏத்திட்டோம்ணா. எங்க எறக்கறது?”

கும்பிட்ட கை அப்படியே நின்றது.

கிளியம்மாள் லாரியைப் பார்த்தாள். பிறகு தசரதனின் பேட்ஜைப் பார்த்தாள்.

“இதுக்குத்தானா என் கையப் புடிச்சி இட்டுகினு போன?”