மூன்று சுவர்கள், ஒரு சுவர்

நூறு மீட்டர் நீச்சலில் கோமளா ஒருமுறைகூட வினோலியாவை முந்தியதில்லை. இருவரும் பழகிய கல்லூரிக் குளத்தின் நீளம் இருபத்தைந்து மீட்டர். மூன்று முறை சுவர் வரும். ஒவ்வொரு முறையும் வினோலியா நீருக்குள் குட்டிக்கரணம் அடித்து, இரு கால்களாலும் சுவரை உதைத்து, ஓர் ஆள் நீளம் முன்னால் போய்விடுவாள். கைவீச்சில் கோமளாதான் வேகம் என்று பயிற்சியாளர் சொன்னதை வினோலியா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாநில அணித் தேர்வு ஐம்பது மீட்டர் குளத்தில் நடந்தது. இருந்தது ஓர் இடம். இருவருக்கும் அடுத்தடுத்த தடங்கள். அந்தக் குளத்தில் ஒரே ஒருமுறைதான் சுவர் வந்தது. வினோலியா அதை உதைத்து முன்னால் போனாள். அதன்பிறகு தண்ணீர் நீண்டுகொண்டே போனது. அடுத்த சுவருக்காக அவள் கால்கள் ஏங்கின. மூச்சுக்குத் தலையைத் திருப்பியபோது, மிக அருகில், வாயைத் திறந்தபடி கோமளாவின் முகம். பந்தயத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த மூச்சுக்கும் அது அங்கேயே இருந்தது. அதற்கடுத்த மூச்சுக்கு இல்லை.

பந்தயம் முடிந்து இருவரும் தடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

"பயந்துட்டேன்ட்டி" என்றாள் வென்ற கோமளா. "எப்பவும் முன்னால உன் காலு தெரியும். இன்னைக்குக் காணல. நீ முங்கிட்டியோன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் நிக்கல?" என்று கேட்டாள் வினோலியா.

கோமளா நீச்சல் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரில் அலசத் தொடங்கினாள்.