மூப்பரின் புது ஷூ

"என் ஷூவைக் காணோம்!"

ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பிய நேரம். வாசலில் செருப்பு அலமாரி முன்னால் வெறும் சாக்ஸோடு நின்று கத்தினார் மூப்பர் பியோ. அந்தக் கொரியக் கடலோரச் சபையில் அவர்தான் பெரிய தலை. ஊர்க்கோடியில் இருக்கும் கடற்பாசி ஆலையும் அவருடையதுதான்.

"நல்லாப் பாருங்க மூப்பரே. யாராவது மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க" என்றாள் சமையலைக் கவனிக்கும் கில்ரே.

"சியோல்ல வாங்கின தோல் ஷூவை மாத்திப் போடுறதா? அதுக்குப் பதிலா என்ன கிடக்குது பாரு!"

அலமாரியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. குளியலறைக்குள் போட்டுக்கொள்வது. வெளியே கணுக்கால் புதையும் பனி.

அந்தச் செருப்போடு வந்தவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஆலையில் வேலை செய்யும் கம்போடியக்காரன் வன்னாக். ஆளையும் காணோம்.

"வரும்போதே அவன் முழி சரியில்லை" என்றது ஒரு குரல்.

"கையை வேற துணியில சுத்தி மறைச்சிருந்தானே. உள்ள என்ன வச்சிருந்தானோ!"

வன்னாக்கோடு வேலை செய்யும் ரத்தா மூலையில் ஒதுங்கி நின்றான். மூப்பர் போய் அவன் சட்டையைப் பிடித்தார்.

"எங்கடா அவன்? நீயும் கூட்டா?"

"தெரியாது முதலாளி."

"பையைக் கொட்டு!"

பையிலிருந்து ஒரு வேதாகமமும் ஓட்டைக் கையுறையும் விழுந்தன. கில்ரே குனிந்து பைக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

போதகர் தோ குறுக்கே வந்தார். "இருங்க மூப்பரே. இந்தப் பனியில அவன் ஏன் ரப்பர் செருப்போட வந்தான்? சொந்த ஷூ இல்லையா?"

"இருக்கு. என் ஆபீஸ்ல பூட்டி வச்சிருக்கேன்."

"பூட்டியா?"

"ஷூ கையில இருந்தா ஓடிப்போயிடுவானுங்க போதகரே. போன குளிர்காலத்துல ரெண்டு பேர் ஓடலியா? சோறு போடுறேன், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு நானே வண்டியில கூட்டிட்டு வர்றேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?"

சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களிடமும் வெளிநாட்டு ஆட்கள் இருந்தார்கள்.

"அவன் கையில என்ன?"

"மெஷின்ல லேசா நசுங்கிடுச்சு. சீசன் முடியட்டும், டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்னு சொன்னேன்."

"லேசா இல்லை" என்றான் ரத்தா, தரையைப் பார்த்தபடி. "கை அழுகி நாத்தம் வருது. ராத்திரியெல்லாம் அழறான்."

"நீ வாயை மூடு!" மூப்பர் போனை எடுத்தார். "போலீஸுக்குச் சொல்றேன். திருட்டுக் கேஸ்னா நேரா ஊருக்கு ஏத்தி அனுப்பிடுவாங்க. அப்பத்தான் மத்தவனுக்கும் பயம் இருக்கும்."

"போன் பண்ணாதீங்க."

சூப் அண்டாவின் பக்கத்திலிருந்து வந்தது குரல். மூப்பரின் மனைவி யோன்சுக். புருஷன் முன்னால் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"உன்னை யாரும் கேக்கலை. போய்ப் பரிமாறு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் எடுக்கலைங்க. நான்தான் எடுத்து அவன் காலில மாட்டிவிட்டேன். பெரிசா இருந்துச்சு, நுனியில துணியை அடைச்சேன். வாசல்ல டாக்ஸியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். திருட்டுன்னு சொல்றதா இருந்தா என் பேரைச் சொல்லுங்க."

மூப்பரின் முகம் சிவந்தது.

"பொய்! அவனைக் காப்பாத்தப் பொய் சொல்றே. நான் மேடையிலதானே நின்னேன்? இத்தனை பேர் இருக்கிற இடத்துல, ஒருத்தர் கண்ணிலயும் படாம எப்படி எழுந்து போனே?"

"கஷ்டப்படுறவங்களுக்காக நீங்க ரொம்ப நேரம் உருகி ஜெபம் பண்ணினீங்களே, அப்பத்தாங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க."