பத்து நிமிடச் சாலை

வளைகுடாவின் அக்கரை நகரத்திலிருந்து வந்தவள் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள்.

“இனி அந்த மனுஷன் முகத்துல முழிக்க மாட்டேன். ஆசையா வளர்த்த ரோஜாச் செடியை மொட்டையடிச்சுட்டார்.”

கதவைத் திறந்தவள் சிரித்தாள். “முன்னெல்லாம் கரையைச் சுத்தி ரெண்டு மணி நேரம் பஸ்ல வர்றதுக்குள்ள உன் கோபம் ஆறிடும். கடல் குறுக்கே ரோடு போட்டாலும் போட்டாங்க, பத்தே நிமிஷத்துல சுடச்சுட வந்து நிக்கறே.”

“கிண்டலா? நான் திரும்பிப் போறதா இல்லை.”

போன் அடித்தது. சிரித்தவளே எடுத்தாள். “பதறாதீங்கப்பா, அம்மா இங்கதான் இருக்கா. நீங்களும் கிளம்பி வாங்க.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மாத்திரையை மறக்காம எடுத்துக்கச் சொல்லு. ரோடு நல்லாருக்குன்னு ஸ்கூட்டர்ல பறந்து வர வேண்டாம்” என்றாள்.