வெண்ணெய்ப் பரீட்சை

சமையலறையில் இருந்தவர்கள்: அப்பா, மகன், மருமகள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாள். அப்புறம் மேஜை நடுவே, செங்கல்லுக்குத் தம்பி மாதிரி ஒரு வெண்ணெய்க் கட்டி.

என் கிச்சனில் எதையும் இடம் மாற்றக் கூடாது என்று மருமகள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதிகாரி அம்மாள் தலையாட்டிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

வயதானவர்கள் தங்கள் காலை உணவைத் தாங்களே செய்து சாப்பிடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் அவர் வேலை. செய்துவிட்டால், இவருக்கு யார் துணையும் தேவையில்லை என்று சான்றிதழ். இல்லாவிட்டால் முதியோர் இல்லம்.

மகனும் மருமகளும் இல்லத்தைப் போய்ப் பார்த்தாயிற்று. அங்கே ஜன்னலோரக் கட்டில் காலியாவதற்காகக் காத்திருந்தார்கள். அதாவது, அதில் படுத்திருப்பவர் காலியாவதற்காக. அப்பாவின் அறையில் டிரெட்மில் போட மகன் அளவும் எடுத்துவிட்டான்.

அப்பா அடுப்பைப் பற்ற வைத்தார், டீ போட்டார், அடுப்பை அணைத்தார். மகனின் முகம் சுருங்கியது. இனி மிச்சம் இருந்தது ரொட்டியில் வெண்ணெய் தடவுவது ஒன்றுதான்.

மருமகளின் முகம் சுருங்கவில்லை. ரொட்டியும் வெண்ணெயும் வாங்கி வைக்கச் சொல்லி முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எடுத்தவள் அவள்தான். வாங்கினாள். வெண்ணெயை ஃப்ரீஸரில் வைத்தாள்.

மகன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். அதிகாரியை வரவழைத்து இப்படி ஒரு பரீட்சையைச் சத்தமில்லாமல் ஏற்பாடு செய்கிற மூளை அவளுக்குத்தான் உண்டு. அவளும் அவனைப் பெருமையாகத்தான் பார்த்தாள். கல்யாணமாகி முதல் தடவையாக, சொல்லாமலே ஒரு காரியம் செய்திருக்கிறாரே மனுஷர்.

அப்பா கத்தியை வைத்து அழுத்தினார். அது வழுக்கிப் போய்த் தட்டைக் கீறியது. கத்தி முனையால் ஒரு துணுக்கைச் சுரண்டி ரொட்டியில் வைத்து இழுத்தார். வெண்ணெய் பரவவில்லை, ரொட்டிதான் கூடவே வந்தது. நடுவில் ஓட்டை. அடுத்த துண்டிலும் ஓட்டை. அவர் கை நடுங்கத் தொடங்கியது.

"பாத்தீங்களா மேடம், கை எப்படி ஆடுதுன்னு?" என்றான் மகன்.

அந்த வெண்ணெயைப் பார்த்தால் எவனுக்கும் ஆடும்.

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் மாமா," என்றாள் மருமகள். "நீங்க பாத்ரூம்ல விழுந்த நாள்லேருந்து எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்து கிடக்குறோம். எங்களுக்கும் வயசாகுதுல்ல?"

மகனால் அதோடு விட முடியவில்லை. ஜெயிக்கப் போகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. பச்சைக் குழந்தைகூடச் செய்கிற வேலை இது என்று சொல்லி, அப்பாவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினான்.

தடவினான். கிழிந்தது. வெண்ணெயின் மேல் வாயால் ஊதினான். அக்குளில் வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, அதிகாரி அம்மாள் பார்ப்பதால் விட்டுவிட்டான். கடைசியில் கத்தியை மண்வெட்டி போல ஓங்கிப் போட்டான். ஒரு சில்லு தெறித்து மருமகளின் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

ரொட்டி மட்டமான ரொட்டி என்றாள் மருமகள். கத்தி மழுங்கல் என்றான் மகன். வெண்ணெயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

அப்பா கத்தியைத் திரும்ப வாங்கினார். அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினார். கட்டி உடைந்தது. உடைந்த பாளத்தை அப்படியே ரொட்டிக்குள் வைத்து மடித்துக் கடித்தார். சரளைக்கல்லில் நடப்பது போல் சத்தம் கேட்டது. ஒரு மடக்கு டீயை விட்டுக் கரைத்து விழுங்கினார்.

"தடவவே இல்லையே," என்றான் மகன்.

"தடவுறாரான்னு பாக்க நான் வரல. பசிச்சா சாப்பிட வழி பண்ணிக்கிறாரான்னு பாக்க வந்தேன்," என்றார் அதிகாரி அம்மாள். "பண்ணிக்கிட்டாரு. இதே பரீட்சையை உங்களுக்கு வச்சிருந்தா ஃபெயில்தான்."

அப்பாவிடம் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மகனும் மருமகளும் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே லிஃப்ட் வரைக்கும் ஓடினார்கள். இன்னொரு தடவை பார்க்கலாமே என்று மகன் கெஞ்சினான். ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று மருமகள் யோசனை சொன்னாள்.

"இவ்வளவு மெனக்கெட்டு உங்கள வரவழைச்சிருக்கா என் சம்சாரம். அதுக்காவது..."

"நானா?" என்றாள் மருமகள். "நீங்கதானே கூப்பிட்டீங்க?"

அதிகாரி அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இல்ல. அவருதான் போன் பண்ணி வரச் சொன்னாரு."

லிஃப்ட் அவரை ஏற்றிக்கொண்டு இறங்கியது. இருவருக்கும் பின்னால், வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி திரும்பியது.

உள்ளேயிருந்து, வாய் நிறைய ரொட்டியோடு, அப்பாவின் குரல் வந்தது:

"உங்க சாமான நாளைக்கு வந்து எடுத்துக்குங்க. பெல் அடிங்க, தெறக்குறேன்."