மடம் எழுந்த குன்று

வேல்ஸ் நாட்டுக் கடலோரக் குன்று ஒன்றின் மேல் டெக்வென் பொழுது சாயும்போதெல்லாம் தீ மூட்டினாள். மீன்பிடிக்கப் போன கணவன் திரும்பவில்லை. கரை தெரியாமல் எங்கோ அலைகிறான் என்று நம்பினாள். காற்று தீயை அணைத்துக்கொண்டே இருந்ததால், கல் சுமந்து வந்து, கடல் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் சுவர் எழுப்பினாள். ஊரார் அவன் செத்துவிட்டான் என்று சொல்லிப் பார்த்தார்கள்; பிறகு அவனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அவளுக்குத் தலை நரைத்தது.

ஒருநாள் கடுங்காற்றுக்கு ஒதுங்கிய துறவிகள் சிலர் அந்தச் சுவர்களையும் நடுவே எரிந்த தீயையும் கண்டு, ஏதோ புனிதத் தலம் என்று எண்ணி மண்டியிட்டார்கள்.

“இது யாரோட இடம், தாயே?” என்று மூத்தவர் கேட்டார்.

“இத்வாலோட இடம்” என்றாள்.

“புனித இத்வாலா? நாங்க கேள்விப்பட்டதே இல்லையே! இங்கயே தங்கி அவர் பேருல ஒரு மடம் கட்டுறோம்.”

புனிதரில்லை, என் புருஷன் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர்கள் கண்களை மூடி, “புனித இத்வாலே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று ஒரே குரலில் செபித்தார்கள். அந்தப் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து அவள் கேட்டு எத்தனையோ வருடங்களாகியிருந்தன.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.