ஆள் கணக்கு

"ஜெயிக்கும்" என்றார் மூட்டைக்காரர். தையல் மிஷின் பலகைமேல் நோட்டை விரித்துப் போட்டு, இடுப்புப் பட்டையை ஒரு துளை இறுக்கிக்கொண்டார்.

"ட்ரெயினர் அந்த வழுக்கைத் தலையன். ஜாக்கி அந்தக் குட்டையன். ரெண்டு பேரும் சேர்ந்து வயசான குதிரைய ஓட விட்டது அஞ்சு வருஷத்துல பதினோரு வாட்டி. அதுல ஆறு ஜெயிப்பு."

"குதிரை எப்படி?" ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள் மனைவி.

"கிழட்டுச் செவலை. போன அஞ்சு ஓட்டத்துலயும் கடைசி. அதனாலதான் ஒண்ணுக்கு முப்பது தர்றான். ஊரே குதிரையப் பார்க்குது, நான் ஆளைப் பார்க்கறேன். நடுவுல இருக்கற வித்தியாசம்தான் நம்ம கூலி."

மிஷின் இழுப்பறையில் இஸ்திரிக் கடை முன்பணத்தில் பாதி இருந்தது. பதினாலு வருஷம் அவர் முதுகும் அவள் கண்ணும் சேர்த்தது. இந்த இடுப்போடு ஒண்ணாம் தேதியிலிருந்து மூட்டை தூக்க வரவேண்டாம் என்று கிடங்கில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் மீதிப் பாதி போகாவிட்டால் கடையும் வேறு ஆளுக்கு.

"கொஞ்சமாக் கட்டினாப் பத்தாதா?"

"கொஞ்சமாக் கட்டினா கடையில வாடகைக்கு உக்காரலாம். மொத்தமாக் கட்டினா கடையே நம்மது."

அவள் பட்டியலில் விரலை ஓட்டினாள். "பதினோரு குதிரைப் பேரும் வேற வேறயா இருக்கே. ஒரு குதிரைகூட ரெண்டாவது வாட்டி வரலையா?"

"அது குதிரைக் கணக்கு. நான் எழுதறது ஆள் கணக்கு."

"எதுக்கும் எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அந்த ட்ரெயினரோட லாயத்துலதான இருபது வருஷமா குதிரை லத்தி அள்றாரு."

மூட்டைக்காரர் சிரித்தார். அண்ணன் முன்னறையில்தான் தங்கல். இந்த நோட்டைத் தலையணைபோல் வைத்துப் படுத்திருக்கிறாரே தவிர, ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

"உங்கண்ணன் குதிரைக்கு முத்தம் குடுக்கற ஆளு. அவரைக் கேட்டா எல்லாமே ராஜா வீட்டுக் கன்னுக்குட்டிதான். பாசம் கலந்தா கணக்கு கெட்டுப்போகும். அவர் காதுக்கு இது போகவே கூடாது."

"போனாலும் சந்தோஷப்பட மாட்டாரு. அவங்க லாயத்துக் கிழட்டுக் குதிரை ஜெயிச்ச அன்னிக்கெல்லாம் சோறு வேண்டாம்னு சுவரைப் பார்த்துப் படுத்துக்கறாரு. என்ன மனுஷனோ."

"எவனோ சம்பாதிக்கறானேன்னு வயித்தெரிச்சலா இருக்கும்."

அவள் கையிலிருந்த மடிப்பைத் தைத்து முடித்தாள். பிறகு தானே இழுப்பறையைத் திறந்து, துணியில் முடிந்திருந்ததை எடுத்து நோட்டின்மேல் வைத்தாள்.

மூன்று மணிக்குப் பந்தயக் கடையில் டிவி முன்னால் நின்றார் மூட்டைக்காரர். ஒன்பது குதிரைகள். முதல் வளைவுவரை செவலை கண்ணில் பட்டது, அப்புறம் படவில்லை. மற்ற எட்டும் கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிய பிறகு, காற்று வாங்க வந்ததுபோல் அது வந்து சேர்ந்தது.

"இதுக்கும் ஒருத்தன் பணம் கட்டியிருப்பான் பாரேன்" என்று பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

மூட்டைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். காலி என்று தெரிந்தும் இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினாள். உலையில் அரிசியைப் போட்டாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வாசலில் கால் கழுவும்போதே பாட்டு.

"தங்கச்சி, சோத்தைப் போடு. வயிறு பத்திக்கிட்டு எரியுது."

முதல் தட்டை ஒரே மூச்சில் முடித்தார். இரண்டாவது தட்டுக்குக் குழம்பைக் கேட்டு வாங்கிக் குழைத்துக்கொண்டார். அதில் பாதி போன பிறகுதான் எதிரே இருந்தவரைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"உங்க செவலை கடைசியா வந்துச்சாமே மச்சான்."

"வரட்டுமே. நாலு காலையும் நல்லா ஊனி நிக்குது. இப்பதான் புல்லு வச்சிட்டு வர்றேன், வாலை ஆட்டிக்கிட்டுத் திங்குது."

வாசல்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"வெளிய சொல்லிராதீங்க. வயசான குதிரைன்னா எங்க ட்ரெயினர் கடைசியா ஒரு ஓட்டம் கறந்துட்டுத்தான் விடுவான். ஓடறதுக்கு முன்னாடி கால்ல ஊசி போட்டா வலி தெரியாது. கண்ணு மண்ணு தெரியாம ஓடும், பாதிக்கு மேல ஜெயிச்சிரும். மறுநாள் அந்தக் கால் தரையில நிக்காது. லாரி வந்து தூக்கிட்டுப் போயிரும். அப்படியே பதினோரு குதிரை போச்சு மாப்ள."

மனைவியின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. மூட்டைக்காரர் மடியிலிருந்த நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஏன் அவன் ஊசி போடல?"

"அவன் எங்க போடறான்? அவனுக்குக் கை நடுங்கும். பதினொண்ணுக்கும் போட்டது இந்தக் கைதான்."

அண்ணன் சோறு ஒட்டியிருந்த வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழந்தைபோல் சிரித்தபடி, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தங்கையிடம் தட்டை நீட்டினார்.

"இன்னைக்கு மட்டும் மருந்தைத் தரையில ஊத்திட்டேன்."